ஏர் படாத இடத்தில் புதைத்த டின்

மண்ணெண்ணெய் போல மூக்கில் ஏறி நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் ஒரு நெடி. அந்த நெடியைச் சுற்றி அன்று எங்கள் கிணற்றடியில் இருந்தவர்கள் ஐந்து பேர்: அப்பா, அம்மா, எங்கள் தோட்டத்துக்கு மருந்து அடிக்கும் ஏழுமலை அண்ணன், தாம்பரம் மார்க்கெட்டில் உரக்கடை வைத்திருந்த காசிம் பாய், ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான். நடுவில், பாதி தீர்ந்த ஒரு எண்ட்ரின் பூச்சிமருந்து டின்.

சேலையூர் ஏரிக்குக் கீழே எங்களுக்கு ஒரு ஏக்கர் கத்தரித் தோட்டம் இருந்தது. காய்ப்புழுவுக்குப் பயந்து வாரம் ஒரு தரம் "மருந்து" அடிப்பது அறுபதுகளின் கடைசியில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் வழக்கம். புழு செத்தது, வாய்க்கால் தவளைகளும் செத்தன, தவளைக்காக யாரும் கவலைப்படவில்லை. முந்தின வாரம் ஏழுமலை அண்ணன் முதுகில் பம்ப்போடு பாத்தியில் விழுந்து, வாயில் நுரை தள்ளி, மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போய் எப்படியோ பிழைத்து வந்தபிறகுதான், இனி இந்தத் தோட்டத்தில் மருந்தே கிடையாது என்று அப்பா முடிவு செய்தார். கடனுக்கு வாங்கியிருந்த டின்னைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பாயை வரவழைத்ததும் அதற்காகத்தான்.

"தொறந்த டின்ன எட்துகினு போயி நான் யார் தலையில கட்றது, அண்ணாத்த?" என்றார் பாய்.

"அப்ப காசு கேக்காத பாய். மனுசன சாவடிக்கிற சாமானுக்கு நான் காசு தரமாட்டேன்" என்றார் அப்பா.

"குடுக்கறப்ப குடு. உன் பதினெட்டு ரூபாய்ல நான் இன்னா மாடி வூடா கட்டப்போறேன்?"

"என்கிட்ட மட்டும் குடுத்துடாதீங்க. எம் பொண்டாட்டி கையில கெடச்சா காபில ஊத்திடுவா" என்றார் ஏழுமலை அண்ணன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவர் சிரித்தது அன்றுதான்.

அம்மா சிரிக்கவில்லை. "மருந்து இல்லாம கத்திரி வெச்சா காய் நமக்கில்ல, புழுவுக்குத்தான். இவளுக்கு ஸ்கூல் பீஸ் புழு வந்து கட்டுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டின்னை என்ன செய்வது என்பதுதான் பாக்கி. வீட்டில் வைக்கப் பயம். ஏரியில் கொட்டினால் ஊர் மாடுகள் குடிக்கும். நிலத்தில் புதைத்தால் அடுத்த உழவில் ஏர் கிளறி மேலே கொண்டுவந்துவிடும். ஏர் படாத இடம் எங்கள் நிலத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, கிணற்றுமேட்டு வேப்பமரத்தடி. அப்பா அங்கே இடுப்பளவு குழி வெட்டி, டின்னை இறக்கி மூடி, மேலே ஒரு கல்லையும் வைத்தார். விவசாயி புத்தி ஏரைத்தான் நினைத்தது, தண்ணீரை நினைக்கவில்லை.

விஷம் மண்ணுக்குள்ளேயே கிணற்றுக்கு இறங்கிவிடுமோ என்று மறுநாள் தண்ணீர் சேந்தும்போது எனக்குத் தோன்றியது. கல்லிலிருந்து கிணறுவரை நடந்து பார்த்தேன். பதினோரு அடி வைத்தேன், வந்துவிட்டது. அப்பாவிடம் சொன்னேன். "எல்லாத்துக்கும் பயந்து சாவாத. மூடி இறுக்கமாத்தான் கீது" என்றார்.

தோட்டம் என்னவோ மாறத்தான் செய்தது. கோடையில் ஏரி வண்டலை வண்டி வண்டியாக அடித்தோம். பூச்சிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளட்டும் என்று வரப்போரம் ஆமணக்கு போட்டோம். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடிகட்டித் தெளித்தோம். நுனி வாடிய கொழுந்தின் உள்ளே புழு இருக்கும், அதைக் கிள்ளிச் சட்டியில் சேர்த்துக் கொளுத்துவது என் வேலை. முதல் பறிப்பில் பாதிக்குமேல் "ஓட்டக் காய்". மூன்றாவது பறிப்பில் கூடை தேறியது. வாய்க்காலில் தவளைக் குரல் திரும்ப வந்தது. அம்மாகூட ஒருநாள், "பரவால்ல" என்றாள்.

என்னால்தான் சந்தோஷப்பட முடியவில்லை. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கிணற்றில் ஏழு கெண்டைகளை விட்டிருந்தோம். விஷம் இறங்கினால் முதலில் மல்லாந்து மிதப்பது மீன்தான் என்று எனக்குத் தெரியும், வாய்க்காலில் பார்த்திருக்கிறேன். ஆகவே தினமும் காலையில் எண்ணினேன். ஆறு தெரிந்து ஏழாவது தெரியாவிட்டால் அது தெரியும்வரை என்னால் கிணற்றை விட்டு நகர முடியாது. பள்ளிக்கூட மணி காதில் விழும், கால் போகாது. அந்த வருஷமே பெயரை எடுத்துவிட்டார்கள். பீஸ் கட்ட முடியாமல் நின்றேன் என்று இன்றுவரை உறவினர்கள் நினைக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்தது. ஏரி நிரம்பியது, கிணறு அன்றாடம் ஒரு படி ஏறியது. ஐந்தாம் நாள் காலை கிணறும் வாய்க்காலும் ஒரே தண்ணீராகக் கிடந்தன. எண்ணுவதற்கு ஒரு மீன்கூட இல்லை. வெள்ளத்தோடு போயினவா, செத்து அடித்துச் செல்லப்பட்டனவா, சொல்ல முடியாது.

அன்று அப்பா என்னைத் திட்டவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். தூறலில் அவர் வெட்ட வெட்ட, சேற்றை நான் சட்டியால் வாரினேன். டின் கிடைத்தது. மூடி அவர் சொன்னபடியே இறுக்கமாக இருந்தது. அடிப்பக்கம் துருப்பிடித்து, என் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே ஒன்றும் இல்லை. அப்பா டின்னைக் கவிழ்த்துக் குலுக்கிப் பார்த்தார். பிறகு, "அம்மாட்ட சொல்லு, இந்தத் தண்ணி இனிமே உலைக்கு வேணாம்" என்றார்.

அதன்பிறகு அடுத்த தெரு டீச்சர் வீட்டுக் கிணற்றிலிருந்து அம்மா குடிநீர் சுமந்தாள். எழுபதுகள் முடிவதற்குள் நிலத்தை மனைகளாக்கி விற்றோம், வாங்கியவர்கள் கிணற்றைத் தூர்த்தார்கள். எங்களில் யாருக்கும் அந்தத் தண்ணீரால் ஒன்றும் ஆகவில்லை. அதுவும் என் பயத்தைக் குறைக்கவில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். வேப்பமரம் இல்லை, வரப்பு இல்லை, தவளைச் சத்தம் இல்லை. கிணற்றுமேடு இருந்த இடம் எது என்று ஏரிக்கரையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அங்கே ஒரு வீடு. வாசலில் நின்ற பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். "போர் தண்ணிதாம்மா, நல்லா இனிப்பா இருக்கும். கொழந்தைங்களும் இதத்தான் குடிக்குது" என்று ஒரு சொம்பு கொடுத்தாள். எத்தனை அடி ஆழம் என்று கேட்டேன். தெரியாது என்றாள். டின்னைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. சொம்பை மீதம் வைக்காமல் குடித்துவிட்டு வந்தேன்.

சாகும்வரை அப்பா மார்க்கெட்டில் பாய் கடை இருந்த தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் போனார். பாயும் போய்விட்டார், கடையும் போய்விட்டது. அந்த டின்னுக்கு நாங்கள் தர வேண்டியது இன்னும் பதினெட்டு ரூபாய்.