வால்பக்கத்தில் மூன்று குறி

என் தங்கை செல்வமலர், வீட்டில் செல்வி, கோல்டிங் நகரசபையில் வேலை செய்கிறாள். முதியவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்துவிட்டு வருவாள். நாளுக்குப் பதினொரு வீடு, எல்லாம் சைக்கிளில். உயரம் நூற்று ஐம்பத்தெட்டு சென்ரிமீற்றர். எடை நாற்பத்தொன்பது கிலோ. அவளுக்குப் பனியில் சறுக்கும் ஸ்கீப் பலகை வாங்கப் போனபோது சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்தது நான்தான். அந்தக் கோடு இன்னும் அழியவில்லை.

1991இல், அவளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது, நான் அவளைக் கூட்டிக்கொண்டு டென்மார்க் வந்தேன். எனக்கு இருபத்துமூன்று வயது. தலை வாரி இழுத்துவிட்டது, பள்ளிக்கூடக் கூட்டங்களில் ஒன்றும் விளங்காமல் தலையாட்டிவிட்டு வந்தது, சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியது எல்லாம் நான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். மெத்தை உறை தைக்கும் தொழிற்சாலையில் பதினாறு வருடமாக வெட்டும் மேசையில் நிற்கிறேன். என் வெட்டு ஒரு மில்லிமீற்றர் பிசகாது. கைத்தொலைபேசியை அலுமாரியில் பூட்டிவிட்டுத்தான் மேசைக்குப் போகவேண்டும் என்பது அங்கே சட்டம்.

அக்கா என்று அவள் கூப்பிடுவதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன். 2009ஆம் ஆண்டு கார்த்திகையில்தான் அவள் வாயில் ‘மேரியக்கா’ வந்தது.

மேரிகிறேஸ் மட்டக்களப்புக்காரி. என்னைவிட ஒரு வயது மூத்தவள். நோர்வேயின் வடக்கு முனையில் ஒரு மீன் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை செய்துவிட்டு, கல்யாணம் முடித்து கோல்டிங்குக்கு வந்தவள். நோர்வேயில் கடைக்குப் போவதுபோல் மலைக்குப் போவார்களாம். அவளும் போயிருக்கிறாள். செல்வி வேலை செய்யும் பகுதியிலேயே அவளுக்கும் வேலை கிடைத்தது.

அந்த வருடம் வைகாசியில் ஊரில் யுத்தம் முடிந்திருந்தது. எங்கள் தம்பி ரஜீவன், எனக்கு இளையவன், செல்விக்கு மூத்தவன், வன்னியில் இருந்தான். முகாம்களின் பட்டியல் எதிலும் அவன் பெயர் இல்லை. எந்த இலக்கத்துக்கு எத்தனை மணிக்கு எடுத்தேன், யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வந்தேன். செல்வி அந்தக் கொப்பியைத் திறந்து பார்த்ததில்லை. தம்பியைப் பற்றி நான் கதை எடுத்தால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போய், எங்கள் கட்டடத்தின் நாலு மாடிப் படிகளையும் வியர்த்து ஒழுக ஏறி இறங்குவாள்.

அதைக் கண்ட மேரிகிறேஸ்தான், “இந்தப் படியை விட்டுட்டு மலைக்கு வா புள்ள” என்று கூட்டிக்கொண்டு போனாள்.

டென்மார்க்கில் மலை ஏது? வைலே நகரத்துக்குப் பக்கத்தில் முங்கெபியர் என்று ஒரு காட்டுமேடு இருக்கிறது. உயரம் தொண்ணூறு மீற்றரும் சொச்சமும். வழக்கமான மாரியில் அங்கே சேறுதான் இருக்கும். அந்த மாரியில் மார்கழி நடுவில் விழுந்த பனி பங்குனிவரை கரையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் அந்த மேட்டை ஸ்கீ கட்டிக்கொண்டு பன்னிரண்டு தரம் ஏறி இறங்கினார்கள்.

ஸ்கீ வழுக்கி இறங்குவதற்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஏறவும் செய்வார்கள். அதற்கு அடியில் நீளமான ரோமத் துணி ஒன்றை ஒட்டவேண்டும். தோல் என்பார்கள். ரோமம் ஒருபக்கமாகச் சாய்ந்திருப்பதால் முன்னுக்கு வழுக்கும், பின்னுக்கு வழுக்காமல் பிடிக்கும். உச்சியில் அதை உரித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்கி, அடிவாரத்தில் திரும்ப ஒட்டி அடுத்த மலை ஏறவேண்டும். பந்தயம் என்றால் அதுதான், மூன்று மலையோ நான்கு மலையோ. பெண்களுக்கான பந்தயத்தில் இரண்டு பேர் சோடியாக ஓடவேண்டும். ஒருத்தி நின்றால் மற்றவளும் நிற்கவேண்டும். பலமுள்ளவள் மற்றவளை இறப்பர்க் கயிற்றால் தன் இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டும் போகலாம்.

அந்தக் கயிறு எனக்குப் பிடிக்கவில்லை.

செல்வியின் முதல் தோலை மேரிகிறேஸ் குசினிக் கத்தியால் கோணல்மாணலாக வெட்டிக் கொடுத்திருந்தாள். நான் புதிதாக ஒன்றை மேசையில் விரித்து, இரண்டு பக்கமும் ஸ்கீயின் இரும்பு விளிம்பு இரண்டு மில்லிமீற்றர் தெரியும்படி வெட்டினேன். பசைப் பக்கத்தில் தூசி, மயிர், எண்ணெய்க் கை எதுவும் படக்கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதன்பிறகு அந்தத் தோலை என்னைத் தவிர யாரும் மடிக்கவில்லை.

“இதென்னகா, சாறி பிளவுஸ் வெட்டின மாதிரி!” என்றாள் மேரிகிறேஸ், பெண்ணுக்குப் பெண் ‘கா’ போடும் தன் ஊர் வழக்கப்படி. “கை நீளம் எவ்வளவு வைச்ச?”

செல்வி சிரித்தாள். தம்பியின் குரல் நின்றதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. ஆனால் அதுவும் மேரிகிறேஸின் பகிடிக்குச் சிரித்த சிரிப்பு.

தை மாதத்தில் ஒருநாள் முங்கெபியர் அடிவாரத்தில் கார் பக்கத்தில் நின்று, நான் இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். செல்வி கடைசி ஏற்றத்தில் இருந்தாள். மேரிகிறேஸ் அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“பாவம் புள்ள. அண்ணன் கடைசியா எடுத்த ஃபோன் கோல் அவளுக்குத்தானே. அது கிடந்து குடையுது.”

எனக்கு அது தெரியாது. தம்பியின் கடைசி அழைப்பு முந்தின வருடம் தையில் என்னோடுதான் என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். “ஓம், ஓம்” என்று சொல்லிவிட்டுக் குடுவையின் மூடியைத் திருகினேன். தவறான புரியில் திருகி, தேத்தண்ணி கையில் கொட்டியது.

தம்பி எனக்கு எடுக்காமல் அவளுக்கு எடுத்திருக்கிறான். அவள் அதை எனக்குச் சொல்லாமல், இரண்டு மாதம் பழகின ஒருத்திக்குச் சொல்லியிருக்கிறாள். மேரிகிறேஸின் தம்பியும் அந்த யுத்தத்தில்தான் போனவன் என்பது தெரியும். அதனால் அவளிடம் சொல்லலாம் என்றால், நான் யார்? செல்வியிடம் நான் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அவள் முகம் சிவந்து மலையிலிருந்து இறங்கும்போது, இன்றைக்கு மேலே எதைச் சொல்லிவிட்டு வருகிறாளோ என்று பார்ப்பேன். அவள் எனக்குச் சொன்னதெல்லாம், “அக்கா, தோல் நல்லாப் பிடிக்குது.”

பங்குனியில் நோர்வேயில் பந்தயம். ஒரு சிறிய ஊரின் விளையாட்டுக் கழகம் நடத்தியது. மூன்று மலை. இரண்டாவது உச்சிக்குப் பதினொன்றரைக்குள் போகாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். “எனக்கு நாப்பத்திமூண்டு. இந்த ஒண்டை முடிச்சுட்டன் எண்டால் போதும்” என்று மேரிகிறேஸ் கப்பலில் பலமுறை சொன்னாள். நானும் கூடப் போனேன். தோலைப் பார்க்க ஆள் வேண்டுமே.

பந்தயத்தன்று காலை ஆறு மணிக்கு விடுதிக் குசினி மேசையில் இரண்டு சோடித் தோலும் கிடந்தன. புதுக் காருக்கும், சோதனை எழுதும் பேனைக்கும் திருநீறு பூசாமல் நாங்கள் தொடங்குவதில்லை. கைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் வைத்திருப்பேன். ரோமப் பக்கம் பூசினால் பனியில் போய்விடும். அதோடு அது நிலத்தில் படுகிற பக்கம், பூசக்கூடாது. பசைப் பக்கம் உள்ளுக்கு இருப்பது, அங்கே நிற்கும். முன்பக்கம் பூசினால் தெரியும் என்று, பின்முனையான வால்பக்கத்தில் மூன்று விரலால் மெல்லிசாக இழுத்தேன். தூசி படக்கூடாது என்று மாரி முழுக்க மற்றவர்களை ஏசியவள் நான். திருநீற்றைத் தூசி என்று எனக்கு நினைக்க வரவில்லை.

மேரிகிறேஸின் தோலில் பூசவில்லை. அவள் வேதக்காரி, மாதாவைக் கும்பிடுகிறவள், விரும்பமாட்டாள் என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அது என் தங்கைக்கு மட்டும் நான் கொடுப்பதாக இருக்கவேண்டும்.

முதல் மலையை ஐம்பத்திரண்டு நிமிடத்தில் ஏறினார்கள். இறங்கி வந்து அடிவாரத்தில் தோலைத் திரும்ப ஒட்டினார்கள். குளிர் பன்னிரண்டு பாகை உறைநிலைக்குக் கீழே. இரண்டாவது ஏற்றத்தில் இருநூறு மீற்றர் போகுமுன் செல்வி நின்றாள். குனிந்தாள். மேரிகிறேஸும் திரும்பி வந்து குனிந்தாள். திரும்பவும் நடந்தார்கள், திரும்பவும் நின்றார்கள். வால்பக்கம் பிரிந்து பனி உள்ளே ஏறினால் தோல் முழுவதும் கழன்றுவிடும் என்று எனக்குத் தெரியும். எந்த இடத்தில் பிரிந்திருக்கும் என்பதும் தெரிந்துவிட்டது. அவர்கள் தின்னக் கொண்டுவந்த றோல்ஸ் டப்பாவோடு அடிவாரத்தில் நின்றேன். மேரிகிறேஸ் ஒட்டுநாடாவால் தோலை ஸ்கீயோடு சுற்றிக் கட்டி, செல்வியைக் கயிற்றில் மாட்டி இழுத்துக்கொண்டு போனாள். சரிவில் இரண்டு புள்ளிகளும் நடுவில் அந்தக் கயிறும். கயிற்றை நான்தான் கட்டவைத்தேன்.

நான்கு நிமிடம் பிந்திவிட்டது. உச்சியில் நெஞ்சு இலக்கத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

கீழே வந்ததும் மேரிகிறேஸ் அந்தத் தோலை உரித்துப் பார்த்தாள். சாம்பல் பசையோடு கலந்து வெள்ளையாகத் திட்டுப் பிடித்திருந்தது. என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு செல்வியிடம், “பனி உள்ள போயிட்டுது புள்ள. நான்தான் உன்னை அவசரப்படுத்தினன்” என்று சொல்லிவிட்டுத் தோலை மடித்துவிட்டாள். செல்வி நிலத்தைப் பார்த்தபடி நின்றாள்.

பின்னேரம் குசினியில் மேரிகிறேஸ் என்னைத் தனியே பிடித்தாள். “என்ர மாதாவை நான் பொக்கெற்றுக்குள்ள வைச்சிருக்கன். உன்ர பிள்ளையாரை ஏன்கா பசையில ஒட்டின?”

“தெரியாமல் செய்துபோட்டன்.”

“தெரியும்கா. அவளுக்குச் சொல்லாத, மனசு நோவாள்.”

தங்கையின் மனசு நோகாமல் பார்ப்பதிலும் அவள்தான் எனக்கு முந்தினாள். எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலில்தான், மறுநாள் கப்பலில் மேரிகிறேஸ் கோப்பி வாங்கப் போனபோது, செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியும்” என்றாள். “ஒட்டேக்கையே கண்டனான்.”

“கண்டனியோ? பிறகு ஏனடி துடைக்கேல்லை?”

“துடைக்கத் துணியும் எடுத்தனான், அக்கா.” அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “போன வருசம் மாசியிலை அண்ணா எனக்குக் கோல் எடுத்தவர். நான் ஒரு கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டு நிண்டனான். ‘அக்கா நிக்கிறாவோ, அக்காவோடை கதைக்க வேணும், அவவின்ரை ஃபோன் வேலை செய்யேல்லை’ எண்டார். ‘அக்கா வேலையிலை, நாலு மணிக்குப் பிறகு எடுங்கோ’ எண்டு சொல்லி வைச்சிட்டன். அதுக்குப் பிறகு எடுக்கேல்லை. உங்களைத்தான் கேட்டவர் எண்டு உங்களிட்டை எப்பிடிச் சொல்லுறது? மேரியக்கா எண்டால் வேறை ஆள், சொல்லலாம். நேற்று அந்த மூண்டு குறியைக் கண்டவுடனை, அண்ணாவின்ரையைத் தட்டிவிட்ட மாதிரி உங்கடையையும் தட்டிவிட ஏலாமல் போச்சு. பிடிச்சாலும் பிடிக்கும் எண்டு ஒட்டினன்.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தம்பி என்னைத்தான் கேட்டிருக்கிறான். அவள் எனக்குச் சொல்லாததும் என்னை நினைத்துத்தான். அழுகை வந்தது. ஆனால் அழுகைக்கு முன்னால் வந்தது சந்தோஷம் என்பதையும் எழுதத்தான் வேண்டும். மேரிகிறேஸின் நான்கு நிமிடத்தை எடுத்துக்கொண்டு வந்த சந்தோஷம். அவள் மூன்று கோப்பியையும் தட்டில் வைத்து ஆடி ஆடி வருவதைக் கண்டதும் எழுந்து போய்த் தட்டை வாங்கினேன்.

“செல்விக்குச் சொல்லிட்டன். உமக்கும் மன்னிப்புக் கேட்கவேணும்.”

“அவள் கண்டது எனக்கு மலையிலயே தெரியும்கா” என்றாள் மேரிகிறேஸ். “ஒட்டுநாடா சுத்தக்குள்ள நல்லா ஏசினன். அக்காவுக்குத் தெரியவேணாம் எண்டாள், அதான் உன்னட்டச் சொல்லல. அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து என்ர பந்தயத்தைக் கெடுத்தீங்க.” சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் தன் கோப்பியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கொப்பியில், தம்பியின் பக்கத்தில், மாசி மாதத்து அழைப்பை எழுதினேன். திகதியும் நேரமும் செல்வி சொன்னாள்.

அடுத்த மார்கழியில் மேரிகிறேஸ் புதிய தோல் ஒரு சுருளோடு வந்தாள். “எனக்கும் வெட்டித் தாகா. சாம்பல் வேணாம்.” இரண்டு சோடியும் வெட்டினேன். இரண்டிலும் விளிம்பு இரண்டு மில்லிமீற்றர்தான் தெரிந்தது. செல்வியுடையதை முதலில் வெட்டினேன்.