பல்லி விழுந்த சிக்கன்

சத்தம் போடாமல் வேகிற எதையும் நம்பக்கூடாது என்பது அன்னம்மாளின் கட்சி. குக்கர் என்றால் விசில் அடிக்கும், அடுப்பு என்றால் உறுமும். மருமகள் சிந்துவுக்கு அவள் அண்ணன் ஷங்கர் அமெரிக்காவிலிருந்து தூக்கிவந்த மின்சாரச் சட்டியோ எட்டு மணி நேரம் வாயே திறக்காது. நம்மூர்க் கரண்டை அதற்கேற்பக் குறைத்துத் தர அதோடு வந்த டிரான்ஸ்பார்மர் யானைக்குட்டி கனம். அதை மாடிக்கு ஏற்றியவன் இன்றைக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் பெங்களூர் ஹெப்பகோடியில் நடமாடுகிறான் என்று கேள்வி.

சிந்து வாணியம்பாடிப் பெண். கல்யாணமான ஏழு வருஷமாக விடிகாலை நாலரைக்கு எழுந்து, சமைத்துவைத்துவிட்டுப் பொம்மசந்திரா கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பவள். திரும்பி வந்தால் மறுபடி அடுப்பு. இந்தச் சட்டி மட்டும் ஒழுங்காக வேலை செய்துவிட்டால் சாயங்காலம் காலை நீட்டி உட்காரலாம். ஏழு வருஷத்தில் அவள் கேட்டது அவ்வளவுதான்.

2003 ஏப்ரலில் ஒரு புதன்கிழமை, முதல் சோதனை. காலையில் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் கோழித் துண்டு, வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, மசாலா எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, மூடி, சுவிட்சைப் போட்டாள்.

"பொணத்தைக்கூட மேளம் அடிச்சுத்தான் தூக்கறாங்க. சத்தமில்லாம வேகறத நீங்களே தின்னுங்க. என் பல்லுல படாது," என்றாள் அன்னம்மாள். சொல்லிவிட்டு, பொம்மனஹள்ளித் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். பூட்டிய வீட்டில் சட்டி மட்டும் தனியாக இருந்தது.

சாயங்காலம் ஆறரைக்கு சிந்து மாடிப்படியில் கால்வைத்ததுமே வாசம் ஆளைத் தூக்கியது. அப்போதுதான் வீட்டுக்காரம்மா நோரா கீழிருந்து கூப்பிட்டாள். "தண்ணிய பாத்துப் புழங்கும்மா. காலைல ஒம்போதுக்குப் போன கரண்ட் ரெண்டுக்குத்தான் வந்துச்சு, மோட்டாரே போடல."

சிந்து படியிலேயே நின்றாள். போனில் ஷங்கர் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தான்: ஆள் இல்லாதபோது நடுவில் கரண்ட் போனால் வாசத்தைப் பார்க்காதே, சூட்டைப் பார்க்காதே, கொட்டிவிடு. ஏப்ரல் வெயிலில் அஞ்சு மணி நேரம் அரைவேக்காட்டில் கிடந்த கறி. அப்புறம் எவ்வளவு கொதித்தால் என்ன?

மூடியைத் திறந்தாள். சிவப்பாக எண்ணெய் மிதந்தது. தொட்டதும் எலும்பைவிட்டுக் கழன்றது கறி. இவ்வளவு அழகாக அவள் கைக்கு எதுவும் வந்ததில்லை. கூடத்தில் கணவன் கணேசமூர்த்தியும் மகன் பரத்தும் தட்டு போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் சட்டி அன்றைக்கே பரண் ஏறும், மாமியார் சிரிப்பு ஆயுசுக்கும் ஓயாது. சொல்லாமல் பரிமாறினால்? பரத்துக்கு ஆறு வயசு.

"பல்லி விழுந்திருக்குங்க," என்றாள்.

அந்தச் சொல்லுக்கு மேல் அந்த வீட்டில் விசாரணை கிடையாது. பல்லி எங்கே என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கணேசமூர்த்தி தயிரை எடுத்துக்கொண்டான். சிந்து எல்லாவற்றையும் பாத்ரூமில் கொட்டித் திரும்பினால், அடுக்களை வாசலில் அன்னம்மாள் முகம் வெளிறி நின்றிருந்தாள்.

"சட்டில எந்தப் பக்கம் விழுந்துச்சு?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

ஏன் என்று சிந்து கேட்டாள்.

"அஞ்சு மணிக்கு வந்தேன். வாசம் நிக்க விடல. ஒரு கால் துண்டு... அப்புறம் இன்னொண்ணு. சாறும் ஊத்திக்கிட்டேன். பல்லி விஷம் எத்தன நேரத்துல ஏறும்டி?"

அத்தைக்குத் தலைசுற்றல் என்று கணவனிடம் சொல்லி, பரத்தை அவனிடம் விட்டுவிட்டு, சிந்து அவளை ஆட்டோவில் ஏற்றினாள். பாதி வழியில் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னாள். "பல்லி இல்ல அத்த. நடுவுல கரண்ட் போயிருச்சு, கறி கெட்டுப்போச்சு. டாக்டர்கிட்ட அதத்தான் சொல்லணும்."

அன்னம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் சிந்துவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். ஓசூர் ரோட்டு லாரிகளைப் பார்த்தபடி, "நான் தின்னத எம் புள்ளகிட்ட சொல்லிராத. நீ பொய் சொன்னத நானும் சொல்லமாட்டேன்," என்றாள்.

சொல்லி முடிக்கவில்லை, குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சிந்துவின் மணிக்கட்டில் அவள் நகம் இறங்கியது.

கிளினிக்கில் அவர்களுக்கு முன்னால் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.