நூலகப் புத்தகங்களுக்கு வைத்த பொட்டு

மலேசியாவின் கிள்ளானில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், முடிவெட்டும் கடைக்கும் மினி மார்க்கெட்டுக்கும் நடுவே, ஒரு சின்ன நூலகக் கிளை இருந்தது. சீனத் தாத்தாக்கள் பேப்பர் படிக்க வருவார்கள். ஷிஃப்ட் முடிந்த வங்காளதேசத் தொழிலாளர்கள் ஏர்கோன் குளிருக்காக வருவார்கள். நான் புத்தகத்துக்காகப் போனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். முதலில் போனது ஏர்கோனுக்குத்தான்.

எட்டு வயதில் எனக்குக் கார்டு கிடைத்தது. ஒரு தடவைக்கு நான்கு புத்தகம். கறைபடுத்தினால் ஓராண்டுக்குக் கார்டைப் பிடுங்கிவிடுவார்கள் என்று சுவரில் மலாயில் ஒட்டியிருந்தது. அதை வீட்டில் யாருக்கும் நான் சொல்லவில்லை.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு, என் பள்ளிப் புத்தகங்களோடு நூலகத்தின் நான்கையும் அம்மா சாமி மேடையில் அடுக்கிவிட்டார். அம்மாவுக்குக் கையுறை ஃபேக்டரியில் வேலை, பள்ளிக்கூடம் போனதில்லை. புத்தகத்தில் நம்முடையது, அடுத்தவருடையது என்ற பேதமெல்லாம் அவரிடம் கிடையாது. டியூஷன் முடிந்து வந்து பார்த்தால் ஒவ்வொரு மேலட்டையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். ஈரத்துணியால் துடைத்தேன். சின்னப் பொட்டு பெரிய பொட்டானது.

மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள். வேலைக்குப் போகிற வழிதானே என்று அம்மாவும் யூனிபார்மோடு கூட வந்தார். கவுன்டரில் இருந்த மலாய்க்கார அம்மாளை எல்லோரும் 'கக்', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்குப் பிள்ளைகள் எல்லோரும் 'டிக்', தம்பி தங்கை. அவர் மேலட்டையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இது என்ன, டிக்? யார் செஞ்சது?"

"தெரியாது, கக். எடுக்கும்போதே இருந்துச்சு."

"நாலுலயுமா?"

"எங்க வீட்டுல யாரும் இப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க."

பேச்செல்லாம் மலாயில். அம்மாவுக்குப் படிக்கத்தான் தெரியாது; மலாய் என்னைவிட நன்றாக வரும்.

"நான்தான் வெச்சேன், கக். சாமிகிட்ட வெச்சுக் கும்பிட்டேன். பையன் மேல தப்பு இல்லலா. கார்டை மட்டும் எடுத்துடாதீங்க."

கக் நான்கையும் புரட்டிப் பார்த்தார். "அப்போ இனிமே ரொம்ப நல்லாப் படிப்பானா?" என்று சிரித்தபடி கார்டை என் பக்கம் தள்ளினார். "அடுத்த தடவை பிளாஸ்டிக் சுத்திட்டு வைங்க, அக்கா."

கார்டு தப்பியது. ஃபேக்டரி பஸ் வந்ததும் அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே ஏறினார். அன்று அவர் வேலை முடிந்து வந்ததும், "எடுக்கும்போதே இருந்துச்சுன்னு பொய் சொன்னது தப்புதாம்மா," என்று மன்னிப்புக் கேட்டேன். "ம்," என்றார்.

கவுன்டரில் சொன்னதில் வேறு எதற்காவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.