எஞ்சினுக்கு ஒரு படிக்கம்

நாங்கள் உள்ளே செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். வெளியே, என்னோடு வேலை செய்யும் எய்லிஃப் எங்கள் கார்க் கண்ணாடிகளில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் ஊர்த் தேவாலயத்தைத் தமிழ்ச் சனங்கள் நாங்கள் கேட்டு வாங்கிச் செபிப்போம். முடிந்து வெளியே வந்தால் கண்ணாடி எல்லாம் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். ஆளைக் காணக் கிடைக்காது. பல கிழமைகளாக இது யார் வேலை என்று எங்களுக்குத் தெரியவில்லை. ஒருநாள் பிள்ளை அழுததால் முன்னதாக வெளியே வந்த ஒரு தாய், மீன்பெட்டி மூடியில் வெட்டிய பிளாஸ்டிக் துண்டும் கையுமாக அவரைப் பிடித்துவிட்டாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நான் நன்றி சொன்னேன்.

"நானோ? நான் அந்தப் பக்கமே வரேல்லை. காத்து வழிச்சிருக்கும்."

"காத்து போற வழியெல்லாம் சப்பாத்து அடையாளம் விட்டிருக்குதே, எய்லிஃப்."

"எங்கட ஊர்க் காத்து சப்பாத்துப் போடாமல் வெளிக்கிடாது. குளிரெல்லோ."

அப்படியே உள்ளே வந்து எங்களோடு இருக்கலாமே என்றேன். "நான் உள்ளுக்கு வந்தா கூரை இறங்கிடும். இப்பத்தான் புதுசா மேஞ்சவை, பாவங்கள்" என்று சொல்லிவிட்டுத் தன் இயந்திர அறைக்குள் போய்விட்டார்.

எங்கள் மீன் தொழிற்சாலையில் நான் மீன் வெட்டும் மேசையில் நிற்பவள். எய்லிஃப் ஐஸ் இயந்திரத்தைப் பார்ப்பவர். படகுகள் கொண்டுவரும் மீனுக்கெல்லாம் அவர் போடும் ஐஸ்தான். கட்டையான உருவம். மேலுதட்டுக்குள் எந்நேரமும் ஒரு சின்னப் புகையிலைப் பொட்டலம் இருக்கும். அதனால் ஒரு பக்கம் எப்போதும் சிரிப்பதுபோல் தெரியும், மரண வீட்டிலும் அப்படித்தான். இந்த நாட்டின் வடக்கத்தியார் எல்லோரையும்போல அவரும் வாய்க்கு வாய் வசவு சொல்லுவார். அந்தச் சொற்களை இங்கே எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அவர் திட்டுவது இயந்திரங்களைத்தான். மனிதரை அவர் திட்டி நான் கேட்டதில்லை.

வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகமாட்டார், கடற்கரையிலுள்ள படகுக் கொட்டிலுக்குப் போவார். அங்கே இப்போது படகு இல்லை. ஊர் இளசுகளின் கார்கள்தான் நிற்கும், எல்லாம் டர்போ வைத்த, உறுமுகிற கார்கள். பகலும் இருட்டாக இருக்கிற மாதங்களில் இந்தப் பிள்ளைகளுக்கு வேறு என்ன சந்தோசம் இருக்கிறது? அந்தக் கார்களுக்கு எய்லிஃப் படிக்கம் கட்டிக் கொடுப்பார்.

எஞ்சினும் மூச்சு விடும். சோறு கொதிக்கிற பானையின் மூடி வேர்க்கிறதே, அதுபோல அந்த மூச்சில் எண்ணெயும் ஆவியாய்க் கலந்து வரும். அதை வெளியே விடக்கூடாது என்று எஞ்சினின் வாய்க்கே திருப்பிக் குழாய் வைத்திருக்கிறார்கள். மெதுவாக, ஆறுதலாக ஓடும் காருக்கு அதனால் பெரிய குறை இல்லை. விரட்டி ஓட்டுகிற டர்போ எஞ்சினோ மூச்சோடு எண்ணெயையும் சேர்த்துத் துப்பும். அது திரும்ப உள்ளே போகாமல் இடைவழியில் பிடித்துக்கொள்ள ஒரு குடுவை வைப்பார்கள். வெற்றிலை துப்புகிற பாத்திரத்தைப்போல, எங்கள் ஊரில் அதற்கும் படிக்கம் என்றே பெயர்.

என் மகள் யூடித் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்க்கும் தாதி. மலைக்கு அப்பாலுள்ள குடியிருப்புகளும் அவள் பொறுப்பில் இருந்தன. மற்றத் தாதிமார் நகரசபையின் வெள்ளைக் காரில் போவார்கள். இவள் தன்னுடைய நீலநிற டர்போக் காரில் போவாள். குளிர்காலத்தில் உறைந்த ஏரியின்மேல் நடக்கும் ஓட்டப் போட்டிக்கும் அதே கார்தான். எனக்கு அந்தக் காரில் பிடித்தது அதன் நிறம் ஒன்றுதான். அது மாதாவின் முக்காட்டு நீலம்.

ஒரு கோடையில் அது புகைக்கத் தொடங்கியது. எய்லிஃப் காரின் முன்மூடியைத் திறந்து, ஒரு குழாயைக் கழற்றி, சுண்டுவிரலை உள்ளே விட்டு எடுத்தார். விரல் நுனியில் பாகுபோல எண்ணெய் ஒட்டியிருந்தது.

"பார் பிள்ளை. துப்பினதைத் திரும்ப அதுவே குடிக்குது. நீ குடிப்பியோ?"

"சீ."

"அதுக்கும் சீ எண்டுதான் இருக்கு. வாய் இல்லை, அதுதான் புகைக்குது."

உடைத்த படகொன்றிலிருந்து எடுத்த தீயணைப்புக் குடுவையை அளவாக அறுத்தார். உள்ளே சட்டி தேய்க்கும் கம்பிச் சுருளை அடைத்தார். ஆவி அதில் பட்டு எண்ணெயாய் இறங்கும். அடியில் ஒரு சின்னத் திருகு வைத்தார், திறந்தால் வடியும். அவர் மனைவி சொல்ஃப்ரிட் கோப்பியும் வாஃபிளும் கொண்டுவந்தவள் குடுவைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ர சட்டிக் கம்பி இஞ்சையோ கிடக்கு?"

"அது வேலைக்குப் போட்டுது."

"அதாவது போச்சு. நீர் எப்ப வீட்டு வேலைக்கு வாறீர்?"

குடுவையை எங்கே வைப்பது என்று கதை வந்தது. குளிரான இடத்தில் வைத்தால்தான் எண்ணெய் நன்றாக இறங்கும் என்று யூடித் எங்கோ படித்திருந்தாள். "ஓம், அது சரி" என்று எய்லிஃப் முன்பக்கத்தில், காற்று நேரே வந்து அடிக்கிற இடத்தில் பூட்டினார். புகை நின்றது. திருகைத் திறந்தால் கரிய எண்ணெய் வடிந்தது. கார் புதிதுபோல ஓடியது. எல்லோரும் கேட்டார்கள், எல்லோருக்கும் அதே இடத்தில் பூட்டிக் கொடுத்தார்.

பிறகு குளிர் வந்தது. எஞ்சினின் மூச்சில் எண்ணெய் மட்டுமல்ல, தண்ணீரும் இருக்கிறது. குழாய் தொய்ந்திருந்த இடத்தில் அந்தத் தண்ணீர் தங்கி உறைந்து அடைத்துக்கொண்டது. மூச்சு விட வழியில்லாத எஞ்சின், எண்ணெய் கசியாமல் பின்பக்கத்தில் வைத்திருந்த ரப்பர் அடைப்பைத் தள்ளிக்கொண்டு எண்ணெயைக் கக்கியது. அது நடந்தது மலையின் உச்சியில். எண்ணெய் குறைந்தால் காருக்குள் எரிகிற சிவப்பு விளக்கைக் கண்டதும் யூடித் எஞ்சினை நிறுத்திவிட்டாள். அன்று பனிப்புயல். புயல் நாட்களில்தான் மலைப்பாதையில் கார்களைப் பனி தள்ளும் வண்டியின் பின்னால் வரிசையாகப் போகவிடுவார்கள். கடைசியில் வரும் காவல் வண்டிக்காரர் அவளை ஏற்றிக்கொண்டு வந்தார். புயல் இல்லாத நாளாக இருந்தால் அவள் தனியாகத்தான் போயிருப்பாள். அந்தக் குளிரில், யாரும் வராத பாதையில், செத்த காருக்குள் இருந்திருப்பாள். புயலுக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னது என் வாழ்நாளில் அந்த ஒருமுறைதான்.

செய்தி கேட்டு எய்லிஃப் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டார்.

"என்ர பிழை" என்றார்.

யூடித் போர்வைக்குள் இருந்து, "குளிரான இடத்தில வையுங்கோ எண்டு நான்தானே சொன்னனான்" என்றாள்.

"நீ சொன்னாய். நீ தாதி. நான் முப்பது வருசமா ஐஸ் போடுறவன். தண்ணி எங்க தங்குதோ அங்க ஐஸ் பிடிக்கும் எண்டு நித்திரையிலயும் சொல்லுவன். உன்ர காரில மறந்து போனன்."

"உள்ளுக்கு வாரும், எய்லிஃப். கோப்பி கிடக்கு" என்றேன்.

"இண்டைக்கு வேண்டாம்."

எங்கள் ஊரில் ஒருவர் கோப்பி வேண்டாம் என்று சொன்னால் அது சின்ன விசயமில்லை. அன்று மாலையே அவர் படிக்கம் பூட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் போய், எல்லாவற்றையும் கழற்றிப் பழைய குழாய்களை மாட்டிவிட்டார். இனிப் பிறத்தியாரின் காரைத் தொடமாட்டேன் என்று சொன்னார். தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற கோரெ, எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக, "என்ன எய்லிஃப், மீனுக்குப் போட்டது காணாமல் காருக்கும் ஐஸ் போடுறீராம்" என்றான்.

"ஓம். உமக்கும் வேணுமெண்டால் சொல்லும்" என்றார். ஆனால் அந்த மேலுதட்டுச் சிரிப்பு அன்று சிரிப்பாக இல்லை.

நீலக் கார் படகுக் கொட்டிலில் கிடந்தது. யூடித் நகரசபைக் காரில் மலையேறினாள். அது ஏற்றத்தில் இழுக்காமல் திணறுகிறது என்று ஒவ்வொரு நாளும் வந்து சொன்னாள். வேகமான காருக்குப் பயந்த நான், அந்தக் காரே திரும்பி வரட்டும் என்று செபிக்கத் தொடங்கினேன். கடைசியில் ஒருநாள் அவள் கொட்டிலுக்குப் போய், மரை கழற்றும் சாவி ஒன்றை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்துவிட்டாள்.

"என்ன செய்யிறாய்?" என்று எய்லிஃப் பதறிப்போனார்.

"நீங்கள் செய்யமாட்டியள். நான் யூரியூப் பாத்துச் செய்யப்போறன்."

"ஐயோ பிள்ளை, வெளியில வா. அது ஒன்பதாம் நம்பர் சாவி. உனக்கு வேண்டியது பதினேழு."

"அப்ப எடுத்துத் தாங்கோ."

எடுத்துக் கொடுக்கக் குனிந்தவர் பிறகு எழும்பவில்லை. அந்த மாதம் முழுக்க அவருடைய மாலைகள் அந்தக் காருக்கு அடியில்தான் போயின. பிய்ந்த அடைப்பை மாற்றினார். படிக்கத்தை இந்தமுறை பின்னால், எஞ்சினின் சூடு படுகிற இடத்தில் வைத்தார். குழாயைக் கட்டையாக வெட்டி, எங்கும் தொய்யாமல் ஒரே சரிவாகப் படிக்கத்துக்குள் இறக்கினார். அதைச் சுற்றி, சூடு போகாமல் இயந்திரக் குழாய்களுக்குப் போடும் கறுத்த உறையைப் போர்த்தினார்.

"முதல் ஓட்டத்துக்கு நானும் வருவன்" என்றார். "குளிர் கூடின நாளாப் பாத்துப் போவம்."

அவர் போனால் நானும் போவேன் என்று பின்சீற்றில் ஏறிக்கொண்டேன். மலை ஏறத் தொடங்கியதும் செபமாலையை எடுத்தேன்.

எய்லிஃப் தலையைச் சரித்தார். "பின்னுக்கு என்ன சத்தம்? பெல்ட் தேயுதோ?"

"அம்மா செபம் சொல்லுறா."

"அப்ப சரி. அது தேயட்டும்."

அன்று காற்றே இல்லை. பாதையில் எங்களைத் தவிர ஒரு வாகனமும் இல்லை. உச்சியில் யூடித் நிறுத்தினாள். எய்லிஃப் இறங்கி, முன்மூடியைத் திறந்து, வலது கையுறையைக் கழற்றினார். மூக்கு மயிர் உறைகிற குளிர். வெறுங்கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் கண்ணாடியை இறக்கி, "என்ன மாதிரி?" என்று கேட்டேன்.

"மூச்சு வருது" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர். குளிருக்குத்தான் என்று சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் மறுபடி எல்லோருக்கும் பூட்டிக் கொடுத்தார், எல்லாம் பின்பக்கத்தில். கடுங்குளிர் விழுகிற காலைகளில் அவர் ஊரைச் சுற்றி வருவதை நீங்கள் பார்க்கவேண்டும். எங்கள் ஊரில் யாரும் காரைச் சாவி போட்டுப் பூட்டுவதில்லை. ஒவ்வொரு காராகத் திறந்து, திருகைத் திருகி, தண்ணீரும் எண்ணெயும் கலந்து பால்கோப்பி நிறத்தில் வடிவதைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போவார். கார்க்காரர் உள்ளே நித்திரையாக இருப்பார்கள். நாய்கள்கூடக் குரைப்பதில்லை. கோரெயின் மகனுடைய காருக்கும் போவார். இதற்கும் யாராவது நன்றி சொன்னால், காத்து வந்து வடிச்சிருக்கும் என்பார்.

இந்த ஆண்டு யூடித்துக்குத் தெற்கே பேர்கன் நகரத்தில் வேலை கிடைத்தது. நானும் அவளோடு புறப்பட்டேன். இலையுதிர்காலத்தின் கடைசி நாட்கள், மலையில் பனி விழத் தொடங்கியிருந்தது. வழியனுப்ப மீன் மேசைப் பெண்கள் வந்தார்கள், செபக் கூட்டத்தார் வந்தார்கள், யூடித் பார்த்த கிழவி ஒருத்தி நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வந்தவர்கள் எல்லோரும் அவளுக்கு ஒரே புத்திதான் சொன்னார்கள்: மெதுவாக ஓட்டு, மெதுவாக ஓட்டு. நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

எய்லிஃப் கடைசியாக வந்தார். நீலக் காரின் முன்மூடியைத் திறந்து பார்த்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அமர்த்தி மூடினார். மூடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. பிறகு காது மறைக்கும் மயிர்த்தொப்பியின் ஒரு பக்கத்தைத் தூக்கி மேலே செருகிக்கொண்டு, யூடித்தின் கண்ணாடிப் பக்கம் குனிந்தார்.

"எல்லாரும் மெதுவா ஓட்டச் சொல்லிப்போட்டினம், என்ன? நான் அப்பிடிச் சொல்லமாட்டன். நீ மலை தாண்டுமட்டும் நான் இஞ்சை நிண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பன். நல்லா மிதி, பிள்ளை."