சுருக்கு முடிச்சுச் சுவர்

கல்யாணமான புதிதில், சுன்னாகத்தில் எங்கள் குசினியின் அடுப்புப் பக்கத்துக்கு எதனால் சுவர் அடைப்பது என்று என் கணவர் மூன்று நாள் யோசித்தார். சீமெந்து கண்ணிலும் காணக் கிடைக்காத காலம். முற்றத்தில் நெருப்பு மூட்டி, கையில் அகப்பட்டதில் எல்லாம் ஒரு துண்டு போட்டுப் பார்த்தார். தென்னோலையில் பின்னிய கிடுகு போட்டவுடனே பற்றியது. அஸ்பெஸ்டஸ் சீற் படாரென்று வெடித்துச் சிதறியது. நான் வீட்டுக்குள் ஓடிவிட்டேன். தகரம் எரியவில்லை, ஆனால் சூடேறிப் பக்கத்தில் நிற்க விடவில்லை.

கடைசியில் அடுப்பு மூலையில் தகரம் அடித்து, வெயில் தாக்காமல் அதன் வெளிப்புறத்தில் கிடுகு கட்டினார்.

“எல்லாம் சுருக்கு முடிச்சு. நுனியை இழுத்தால் அவிழும். நான் வரப் பிந்தினாலும் வருசா வருசம் மாத்திப்போடும். பழங்கிடுகு பொல்லாதது.”

“ஓம்” என்றேன். அடுத்த மாதம் அவர் வெளிநாட்டுக்குப் போனார். சண்டையில் பாதை பூட்டியபின் கடிதமும் நின்றுபோனது.

ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன் ஊரோடு ஒத்து நானும் வேலிக் கிடுகுகளை மாற்றினேன். அந்தச் சுவரை மட்டும் தொடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கேட்டுக் களைத்துப்போனா.

“பிள்ளை, அது பொடியாய்க் கொட்டுது. ஏன் வைச்சிருக்கிறாய்?”

“இந்த வருசம் இருக்கட்டும் அக்கா.”

அவர் கை போட்ட முடிச்சுகள் அவை. துணி காயப் போடும்போதெல்லாம் ஒன்றைத் தொட்டுவிட்டு வருவேன். எனக்கு விசர் என்று யாரும் சொன்னால் மறுக்கமாட்டேன். அவ்வளவு ஆசையாக இருந்தது அவர்மேல்.

நான்காம் வருடம் ஒரு மத்தியானம், துருப்பிடித்த ஆணித்துவாரம் வழியே அடுப்புப் பொறி வெளியே போயிருக்க வேண்டும். தகரத்துக்குப் பின்னால் எரிவது தெரியாமல் நான் குழம்புக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வாளியோடு ஓடிவந்தா.

“வெளியிலை வா பிள்ளை, சுவர் எரியுது.”

கிணற்றைப் பாதி இறைத்தோம். கறுத்த தகரம் மட்டும் நின்றது.

கீழ் மூலையில், தண்ணீர் பட்ட இடத்தில், ஒரு முடிச்சு மிஞ்சியிருந்தது. நுனியை இழுத்தேன். அவர் சொன்னபடியே ஒரே இழுவையில் அவிழ்ந்து வந்தது. நான் தனியாகத்தான் அவிழ்ப்பேன் என்று யோசித்து, என் கைப்பலத்துக்கு ஏற்றமாதிரிக் கட்டியிருக்கிறார். குசினிக்காக நான் அழவில்லை.

அந்தக் கயிற்றை மறுபடி அதேமாதிரிக் கட்டிப் பார்த்தேன். எனக்கு வரவில்லை.