கார்த்திகாவின் வகுப்பைப் பார்க்க டி. கல்லுப்பட்டிக்கு

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஆண்டுவிழாவுக்கு மறுநாள் என்பதால் எங்கள் பள்ளிக்கு விடுமுறை. வீட்டில் துணி ஊறிக்கொண்டிருந்தது. நான் பஸ் ஏறிவிட்டேன்.

காரணம் ஒரு போன். என்னோடு பி.எட். படித்த ரேவதி, டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். "உன் ஸ்கூல்ல இருந்து வந்த கார்த்திகா என்னமா கணக்குப் போடுறா தெரியுமா" என்றாள். எனக்குத் தெரியாது. ஏழாம் வகுப்பில் ஒரு வருடம் முழுக்க என்னிடம் இருந்தவள், ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. பெற்றோர் கூட்டத்தில் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "இவளுக்குக் கணக்கு வராதும்மா, ரொம்ப எதிர்பார்க்காதீங்க" என்று அவள் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு மாதத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாவுக்கு வேலை மாற்றம் என்று எழுதியிருந்தார்கள். ரேவதியின் போனுக்குப் பிறகு அதை என்னால் நம்ப முடியவில்லை; நான் சொன்னதால்தான் போனார்களோ என்று தோன்றியது.

நான் இருக்கும் பசுமலையிலிருந்து டி. கல்லுப்பட்டி முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். காலை 7.10க்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 7.45க்குத் திருமங்கலம். அங்கிருந்து ராஜபாளையம் போகும் பஸ், இருபத்திரண்டு ரூபாய். "சீட் இல்லக்கா, நின்னுக்கிட்டே வாறீகளா?" என்றார் கண்டக்டர். வாரேன் என்றேன். பாதி வழியில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. இருபுறமும் கரிசல் காடு, பருத்தி, மக்காச்சோளம். எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம் என்ன பேசுவது என்பதையே மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டு வந்தேன்.

டி. கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ. இன்ஸ்பெக்‌ஷனா என்று கேட்டார் ஓட்டுநர். இல்லை, நானும் டீச்சர்தான், லீவு, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார்.

தலைமை ஆசிரியையிடம் ரேவதி முன்பே அனுமதி வாங்கியிருந்தாள். எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு பாத்தியின் நீளத்தையும் அகலத்தையும் இரண்டு மடங்காக்கினால் பரப்பு எத்தனை மடங்காகும் என்று கேட்டாள் ரேவதி. கேட்டுவிட்டுச் சும்மா நின்றாள். வகுப்பில் சத்தமே இல்லை. எனக்குக் கால் ஆட ஆரம்பித்துவிட்டது. விடை நாக்கு நுனியில் நிற்கிறது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்; பன்னிரண்டு விநாடி போயிருந்தது. ஒரு பையன் "ரெண்டு" என்றான். தப்பு என்று அவள் சொல்லவில்லை. வேறு மாதிரி யாருக்காவது தோன்றுகிறதா என்று மட்டும் கேட்டாள்.

கார்த்திகா எழுந்து போர்டுக்குப் போனாள். ஒரு கட்டம் போட்டாள், பக்கத்தில் ஒன்று, கீழே ஒன்று. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். "இந்த மூலைய விட்டுட்டோம்ல. அதையும் சேத்தா நாலு" என்றாள்.

இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பிடித்தேன். என் வகுப்பில் ஏன் ஒன்றுமே சொன்னதில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேட்டுட்டு நீங்களே சொல்லிருவீங்க மிஸ். நான் யோசிச்சு முடிக்கங்குள்ள அடுத்த கணக்குக்குப் போயிருவீங்க."

குறை சொல்கிற குரல் இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அவளுக்குக் கணக்கு வராது என்று நான் சொன்னது தப்பு என்றேன். அவள் பாட்டிலை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"அம்மாட்டயும் சொல்லுவீங்களா மிஸ்?"

அவள் அம்மா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறார். ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தி எழுந்தார். ஊர் மாறியது வீட்டுக்காரர் வேலைக்காகத்தான், உங்களால் இல்லை என்றார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் நான் வந்த விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட் துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீச்சரே சொல்லிட்டாகளேன்னு, நானும் அவகிட்ட அதத்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன் டீச்சர்."

சாயங்காலம் அவளிடம் தானே பேசுவதாகச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டே கால் பஸ்ஸில் திரும்பினேன்.

இப்படி இன்னொரு வகுப்பைப் பார்க்கப் போக நினைக்கும் ஆசிரியர்களுக்கு: தலைமை ஆசிரியரிடம் முன்பே கேளுங்கள். ஒரு பாடவேளை முழுக்க உட்காருங்கள். நோட்டு எடுத்துப் போகாதீர்கள், பிள்ளைகள் மிரளுவார்கள். டீச்சரைவிடப் பிள்ளைகளைப் பாருங்கள். காலை பஸ்ஸில் கூட்டம் அதிகம், ஏழரைக்குள் கிளம்பிவிடுவது நல்லது. உங்களிடம் படித்த பிள்ளை அங்கே இருந்தால், அது சொல்வதைக் கேட்பதற்குத் தயாராகப் போங்கள்.

திங்கட்கிழமை என் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நின்றேன். மின்விசிறிச் சத்தம் மட்டும். இரண்டு தடவை வாய் திறந்து மூடினேன். முதல் கேள்விக்கு யாரும் பேசவில்லை, இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவதுக்கு, மூன்றாம் வரிசையில் அபிநயா மெதுவாக எழுந்து ஒரு விடை சொன்னாள். தப்பான விடை. ஜூன் மாதத்திலிருந்து அவள் குரலை நான் கேட்டது அன்றைக்குத்தான்.