வலை திரும்பாத மூலை

கட்டட வேலையில் சீமெந்து குழைப்பது சுலபம், சனத்தின் மனதில் இருப்பதைக் கேட்டு எடுப்பதுதான் கஷ்டம் என்பது, இந்தத் தொழிலில் என்னோடு சேர்ந்து தலையில் கை வைத்த எல்லோருக்கும் தெரியும். எங்களுடையது அன்புவழிபுரத்தில் வீட்டு முன்னறையில் நடக்கிற சின்னக் கந்தோர், அலுவலகம் என்று பெரிதாகச் சொல்ல ஏலாது. என் மனுசன், இவர், மேசன் வேலையில் தொடங்கி இப்போது கடை, மண்டபம் என்று கொந்தராத்து எடுத்துக் கட்டுகிறார். கட்டடப் படம் கீறுவது எங்கள் மூத்த மகள் ஜெசிந்தா. பத்தாம் வகுப்போடு நின்ற நான் அளவு நாடாவின் மற்ற நுனியைப் பிடிப்பேன், வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுப்பேன், அவர்கள் சொல்வதைக் கொப்பியில் எழுதுவேன். ஒவ்வொரு அத்திவாரத்துக்கும் ஒரு செபமாலை சொல்லுவேன். அது படத்தில் இருக்காது.

படி இல்லாத மாடி

கிண்ணியாவில் அரிசி வியாபாரம் செய்யும் முஸ்லிம் நானா ஒருவர், ரவுண் கடைத்தெருவில் மாடிக்கடை கட்ட வேண்டுமென்று வந்தார். கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் தானே படமும் கீறிக் கொண்டுவந்திருந்தார். தராசு எங்கே, மூட்டை எங்கே, தன் கதிரை எங்கே என்று எல்லாம் இருந்தது. மாடிக்கு ஏறப் படி மட்டும் இல்லை. ஜெசிந்தா தாளை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

படி எங்கே என்று நான்தான் மெல்லக் கேட்டேன். நானா தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "மாடி மகனுக்கு அக்கா. அவன் கலியாணம் முடிச்சு வந்து கேக்கக்குள்ள படி வெப்பம். இப்ப வெச்சா கடையில நிக்காம மேல போய்ப் படுத்திருவான்."

குசினி யன்னல்

பாலையூற்றில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கு மண்டபம் கட்டினோம். கமிட்டி ஆண்கள் மேடை, மின்விசிறி, கதிரை என்று ஒரு காலைப் பொழுது முழுவதும் கதைத்தார்கள். பெண்கள் பின்னால் வாயே திறக்கவில்லை. கூட்டம் முடிந்து நான் கோப்பை கழுவும்போதுதான், திருநாட்களுக்குச் சமைக்கிற றோசம்மா அக்கா பக்கத்தில் வந்து, குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரு யன்னல் வைக்க ஏலுமா என்று கேட்டா. புகை வரக்கூடாதென்று மகள் அந்த இடத்தில் முழுச் சுவர் கீறியிருந்தாள். அடுப்பை மற்றப் பக்கம் மாற்றி யன்னலை வைத்தோம்.

அந்த வருசத் திருநாள் நாடகத்துக்கு ஆறேழு பெண்கள் அகப்பையும் கையுமாக அந்த யன்னலில் நின்றார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. றோசம்மா அக்கா மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னா: "இவ்வளவு காலமும் கைதட்டுற சத்தத்தை வச்சுத்தான் நாங்கள் நாடகம் பாத்தனாங்கள்."

இருபது தோள்

நிலாவெளி மீன்பிடிச் சங்கத்துக்கு ஒரு மண்டபமும் அதோடு ஒரு வலை அறையும். ஜெசிந்தா ஒருவர் உதவியும் இல்லாமல் தனியாகக் கீறிய முதல் பெரிய படம் அது. இது பிழையாகிப் போனால் இனிப் பென்சில் தொடமாட்டேன் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னதுதான் அவள், தகப்பனைப்போல. கடற்கரைக்குப் போய், கரையில் நின்று இழுக்கிற கரைவலை மணலில் குவித்துக் கிடந்ததை அளந்து, அதற்குத் தாராளமாக அறை விட்டாள். உப்புக்காற்று நேரே அடிக்காமலிருக்க, அறைக்குப் போகிற வழியை ஒரு மூலையில் மடக்கினாள். சங்கத்தார் படத்தைப் பார்த்து, நல்லது என்று தலையாட்டினார்கள்.

திறப்பு நாளில் பால் பொங்கியது. பிறகு இருபது பேர் வலையைத் தோளில் ஏற்றி, ஒருவர் பின் ஒருவராக, கோயில் சுற்றுப்பிரகார ஊர்வலம் போல வந்தார்கள். கரைவலையை அப்படித்தான் தூக்குவார்கள். குவியலை அளந்த எங்களுக்கு அது தெரியாது. முதல் ஐந்து பேர் மூலை திரும்பினார்கள். அதோடு வலை சுவரில் இறுகி நின்றுவிட்டது. முன்னுக்கு நின்றவர்கள் பின்னுக்குப் போகச் சொன்னார்கள். பின்னுக்கு நின்றவர்கள், கடலுக்குள்ளேயா போவது என்று கேட்டார்கள். வந்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது. என் பிள்ளை தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் நின்றாள். நான் "மாதாவே" என்று செபமாலையை எடுத்தேன்.

உள்ளே, வலையும் தோளுமாக மாட்டுப்பட்டு நின்ற சங்கத் தலைவரின் குரல்தான் கேட்டது: "சிரிக்காதீங்கோ. படத்துக்குத் தலையாட்டினது நாங்கள். அந்தப் பிள்ளைக்கென்ன, வலை தூக்கின தோளா இருக்கு?"

உடைத்த பிறகு

அடுத்த நாள் இவரே இரும்பு அலவாங்கை எடுத்து அந்த மூலையை உடைத்தார். கடலைப் பார்த்த பக்கம் நேராக ஒரு அகல வாசல் வைத்தார். ஜெசிந்தா அங்கே போகவில்லை. மேசையில் பென்சில்களை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்துவிட்டாள். நான் தூசி தட்டும்போதெல்லாம் அந்தக் கட்டைத் தூக்கித் திரும்ப அதே இடத்தில் வைத்தேன். அவிழ்க்கக் கை வரவில்லை.

வாசல் வேலை முடிந்ததும் தலைவர் வீட்டுக்கு வந்தார். மீன் ஏலம் போட ஒரு கொட்டில் வேண்டும், பிள்ளைதான் கீற வேண்டும் என்றார். தனக்கு ஏலாது, வேறு ஆளைப் பாருங்கோ என்றாள் இவள். அவர் கெஞ்சவில்லை. விடிய வலை உள்ளே போகுது, வந்து ஒரு கை பிடிக்கட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் இரவு செபமாலை சொன்னேன். விடிய அவளே செருப்பைப் போட்டாள். நானும் நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் போனேன்.

அவளை வரிசையின் நடுவில் விட்டார்கள். மணலிலிருந்து புது வாசலால் வலை நிற்காமல் உள்ளே போனது. வெளியே வந்தவளின் தோளெல்லாம் மணலும் செதிலும். நேரே என்னிடம் வந்து அளவு நாடாவைக் கேட்டாள். கொட்டில் போடுகிற இடத்தை அளக்க, மற்ற நுனியை நான் பிடித்தேன். தலைவர் தோளைத் தடவிக்கொண்டு வந்து சொன்னார்: "அம்மா, இனி எங்கட தோளுக்கும் ஒரு செபம் சொல்லுங்கோ. இந்தப் பிள்ளை நடுவில நிண்டு எங்களை ஓட வச்சிட்டுது."

கட்டிய சுவருக்கு நன்றி சொன்னவர்களைவிட உடைத்த சுவருக்கு நன்றி சொன்னவர்களே எங்களுக்கு அதிகம் என்பதால், இப்போதெல்லாம் அத்திவாரத்துக்குச் சொல்லுகிற செபமாலையில் அலவாங்கையும் சேர்த்துக்கொள்கிறேன்.